பழைய வேதத்துப் பெண்

என் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்ட சேதியை எங்களுக்குச் சொன்னது அண்ணனேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வஞ்சிர மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே சொன்னான். அப்போது அவனுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. திருவொற்றியூரில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தான். அம்மாவும் நானும் என் மனைவியும் இருந்த ராயபுரம் வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் சாப்பிட வருவான். நடுவில் சில வாரம் வராமல் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தான்.

அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். "இன்னும் எத்தினி நாளைக்குடா இப்புடி ஒண்டிக்கட்டையா திரிஞ்சிகினு இருக்கப்போறே?"

"அதெல்லாம் ஆயிடுச்சிம்மா. பாய்தான் முன்ன நின்னு முடிச்சி வெச்சாரு."

பாய் என்பது யார்டில் டிரெய்லர் ஓட்டிய அவனுடைய தோஸ்து. இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். அவர் முன்னால் நின்றார் என்றால் விஷயம் நிஜமாகத்தான் இருக்கும் என்று அம்மாவுக்குப் பட்டுவிட்டது. கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டார்.

"இன்னாடா சொல்றே? பொண்ணு யாரு? நம்ம வேதந்தானே?"

"நம்ம வேதத்துக்கும் முந்தின வேதம்மா. பழைய வேதம்" என்றான் அண்ணன். சொல்லிவிட்டுப் புரையேறும் அளவுக்குச் சிரித்தான்.

எங்கள் பக்கத்தில் வேதம் என்றால் மதம். பழைய வேதம் என்றதும் அம்மா போட்ட கணக்கே தனி. தெற்கே கடலோரத்தில், அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரச் சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள் இருக்கின்றனவே, அந்த வம்சத்துப் பெண் என்று முடிவுகட்டினார். சாயங்காலத்துக்குள் பெண்ணுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஊர் கிடைத்துவிட்டது. அடுத்த வாரத்துக்குள் நிறமும் உயரமும் கிடைத்தன. வயசான பெண்ணாகத்தான் இருக்கும், கொஞ்சம் நெடுநெடு என்று இருப்பாள், வாய்பேச மாட்டாள். ஒரு நீலப் புடவையும் எடுத்து பீரோவில் வைத்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எதையும் பாதி சொல்லிவிட்டு மீதியை எதிராளி தலையில் கட்டுவது அண்ணனின் புத்தி. வாசலில் வண்டியை எடுக்கும்போது பிடித்துக்கொண்டு கேட்டேன், விளையாட்டா நிஜமா என்று. அவன் வண்டி சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பார்த்துப் பார்த்து உட்கார்ந்தான். "போய் உன் அண்ணியக் கேளுடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு மாதம்போல ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது, அறை பூட்டிக் கிடந்தது, யார்டில் ஆள் வரவில்லை என்றார்கள். பாயைக் கேட்கலாமென்றால் அவர் வேலையை விட்டு நின்று, மகளோடு இருக்க சவுதிக்குப் போயிருந்தார். எங்களிடம் இருந்த அவர் நம்பரும் வேலை செய்யவில்லை. கடைசியில் அண்ணனுடைய வண்டி அத்திப்பட்டு ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் அகப்பட்டது. சீட்டின் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் விரல் பதியும் அளவுக்குப் படிந்திருந்தது.

நான் போலீசில் எழுதிக் கொடுத்தேன். அம்மா கலங்கவே இல்லை. "வண்டிய வுட்டுட்டு ரயில் ஏறிகீறான். அவ ஊருக்குத்தான் போயிருப்பான். நீ இன்னாத்துக்கு பேஜாராவுறே?" என்றார்.

ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். காசிமேட்டுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலை எடுத்து வந்திருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்றார்கள். அம்மாவிடம் மாவுமில்லுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனேன்.

அதைப் பற்றி நிறைய எழுத எனக்கு மனம் வரவில்லை. முகம் என்று ஒன்று இல்லை. துணியையும் கடல் எடுத்துக்கொண்டிருந்தது. உயரம் மட்டும் சரியாக இருந்தது. நான் கால் பக்கமாகவே நின்றேன். இரண்டாவது விரல் கட்டைவிரலை விட நீளமாக இருந்தது. என் காலும் அப்படித்தான், அம்மாவுடையதும் அப்படித்தான். செருப்புக்குள் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. ஏதோ தெரிந்தவர் வீட்டுக்குள் தப்பான நேரத்தில் நுழைந்துவிட்ட மாதிரி ஒரு உணர்வு.

அங்கே வேலை பார்க்கும் ஆள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்காளு இன்னா சார், இந்துவா?" என்றார்.

"கிறிஸ்டியன்."

"அப்ப இது உங்களுது இல்ல சார். இது பாய் பாடி. சுன்னத் பண்ணிகீது பாரு."

பார்த்தேன். கூட வந்த போலீஸ்காரரும் பார்த்தார். "அப்ப வேற ஆளுங்க" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். நான் தலையாட்டினேன்.

அந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது, ஞானோபதேச வகுப்பில் தெரிந்துகொண்டதுதான். ஜனவரி ஒன்றாம் தேதி எங்களுக்குப் புத்தாண்டு மட்டுமல்ல. குழந்தை இயேசு பிறந்து எட்டாம் நாள், அவருக்கு விருத்தசேதனம், அதாவது இந்தச் சுன்னத்துதான், செய்து பெயர் வைத்த நாள். பழைய ஆட்கள் அதைத் திருநாளாகவே சொல்வார்கள். விருத்தசேதனம் என்றால் என்ன என்று சின்ன வயதில் நான் எழுந்து நின்று கேட்டதற்கு உபதேசியார் காதைத் திருகினார். ஆபிரகாமோடு ஆண்டவர் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு உடம்பில் வைத்த அடையாளம் அது, நமக்கு ஞானஸ்நானம் வந்துவிட்டதால் கத்தி தேவையில்லை, தண்ணீரே போதும் என்றார். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: இருந்தால் பாய், இல்லாவிட்டால் நாம். பிணவறையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம், மூன்று பேருக்கும் அதே பாடம்தான். உயரமும் கால் விரலும் அந்தத் துண்டுத் தோலுக்கு முன்னால் எடுபடவில்லை.

வெளியே வந்ததும் பசி வயிற்றைக் கிள்ளியது. இரண்டு பன்னை டீயில் நனைத்துத் தின்றேன். வரும் வழியில் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அண்ணன் சாகவில்லை. அண்ணன் பெண்டாட்டியோடு இருக்கிறான். அந்த மதிய வெயிலில் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தாள்.

விடுமுறை கிடைக்கும் போதெல்லாம் அண்ணனுடைய போட்டோவை எடுத்துக்கொண்டு அத்திப்பட்டுக்குப் போனேன். அங்கே எல்லாவற்றின் மேலும் மெல்லிசாகச் சாம்பல் இருக்கும்; கடைக்காரர்கள் பிஸ்கட் பாக்கெட்டைத் தட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். டீக்கடை வைத்திருந்த பெண் ஒருவர் போட்டோவைப் பார்த்ததும் தெரியும் என்றார். "அந்தக்கா கூட வருவாரே? முட்டை வாங்கிகினு போவாரு." எந்த அக்கா என்று கேட்டேன். "நெட்டையா இருக்குமே, பேசவே பேசாது" என்றார். பெண்ணின் உயரத்தை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தேனோ? போட்டோவைக் காட்டும்போது கூடவே ஒரு பெண்ணும் இருப்பாள் என்று சொல்லியிருப்பேன். எங்கள் ஊர்ப் பக்கம் வழி கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தேடுகிறவன் முகத்தைப் பார்த்து எது வேண்டுமோ அதைக் கொடுத்து அனுப்புவார்கள்.

அவர் காட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு பூட்டியிருந்தது. கொடியில் அண்ணன் கட்டும் அதே நீலக் கட்டம் போட்ட லுங்கியும், பக்கத்தில் ஒரு புடவையும் காய்ந்தன. அந்த லுங்கி மெட்ராஸில் பாதிப் பேரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கதவைத் தட்டிவிட்டு நின்றபோது, உள்ளே யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத்தான் தோன்றியது. பக்கத்து வீட்டில் கேட்டால், அங்கே குடியிருப்பவர்கள் பிளாண்டில் ஷிப்டுக்குப் போகிற ஒடிசாக்காரர்கள் என்றார்கள். அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

வீட்டில் நிலைமை வேறு. அம்மாவுக்கு மிஸ்டு கால் வரும். எடுத்தால் அந்தப் பக்கம் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும். "அவதான். கூச்சப்படறா" என்பார் அம்மா. அந்த நம்பருக்கு நான் திரும்ப அடித்தால் எடுக்க ஆளில்லை. பிறகு கோயிலில் அவளைப் பார்க்க ஆரம்பித்தார். பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பும்போது என் கையை அழுத்தி, "கடைசி பெஞ்சில தூணாண்ட குந்திகீறா. திரும்பாதே, பயந்துடுவா" என்பார். நான் திரும்புவேன். தூணுக்கு அருகில் எப்போதும் யாராவது ஒரு பெண் முக்காட்டோடு இருக்கத்தான் செய்வாள். ஒரு தடவை அங்கே யாருமே இல்லை. அம்மா அன்றைக்கும் அந்த இடத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். என் மனைவி, "அத்தைய டாக்டராண்ட கூட்டிகினு போலாம்" என்றாள். நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். ஏனென்றால் எனக்கும் அந்தத் தூணடிப் பெண் வேண்டியிருந்தது. அவள் இருந்தால்தான் அண்ணன் இருக்கிறான்.

பாய் சவுதியிலிருந்து திரும்பி ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார், பேரீச்சம்பழ டப்பாவோடு. யார்டில் அண்ணன் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் எங்க நைனா கீறாரு? போனே போவல" என்றார்.

எனக்கு அவரைப் பார்த்ததுமே கோபம் பொங்கியது. "நீங்கதானே பாய் முன்ன நின்னு கல்யாணம் பண்ணி வெச்சீங்க? உங்களாண்டதான் நான் கேக்கணும். எங்க கீறா அவ?"

"எவ?"

"அண்ணன் பொண்டாட்டி."

பாய் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அடப்பாவி மனுசா! இன்னுமா அத உங்களாண்ட சொல்லல? அது மார்க்கக் கல்யாணம்பா! சுன்னத்து! எங்காளுங்க அதத்தான் கல்யாணம்னு சொல்லுவாங்க. மாப்ள மாரி ஜோடிச்சி, மாலையப் போட்டு, பிரியாணி போட்டு..."

அவர் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார். அண்ணனுக்குச் சர்க்கரை ஏறி, அங்கே தோல் இறுகி, அடிக்கடி புண் வந்து, ஒன்றுக்குப் போவதே நரகமாகிவிட்டதாம். வெட்கத்தில் வீட்டில் சொல்லவில்லை. பாய்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். சர்க்கரைக்காரர்களுக்கு இது சகஜம், உள்ளே ஈரமும் அழுக்கும் தங்கி கிருமி சேருகிறது, கழுவக்கூட முடியாத நிலைக்கு வந்துவிட்டதால் தோலை எடுத்துவிடுவதுதான் வழி என்றாராம் டாக்டர். "நான்கூட சொன்னேன். எங்க சமாச்சாரத்திலயும் அதாம்பா. இப்ராகிம் நபி வழி, அது மொத காரணம். அடுத்தது சுத்தம். ஒரு சொட்டு துணில பட்டாக்கூட தொழுவ முடியாது. டாக்டரு இன்னிக்கி சொல்றத எங்காளுங்க அன்னிக்கே சொல்லிட்டாங்கன்னேன். அதுக்கு உங்கண்ணன், 'யோவ், எங்க சாமிக்கும் எட்டாம் நாளு பண்ணதுதான்யா, நீ இன்னா பெருசா பேசறே'ன்னாரு."

அவர் வாய் அசைவது தெரிந்தது. டீக்கடையில் முட்டை வாங்கியவள், கொடியில் புடவை காயப்போட்டவள், போனில் மின்விசிறிக்கு அருகில் நின்றவள், எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போவது போல இருந்தது. அவர்கள் போனபின் மிச்சம் இருந்தது அந்த இரும்பு மேஜையும், அதன் மேல் நீண்ட இரண்டாவது விரலும்தான்.

"இன்னாபா, ஒரு மாரியா கீறே?" என்றார் பாய்.

பிணவறையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது; அதை எடுத்துப் போட அவருக்குத் தெரியவில்லை. மடியிலிருந்த பேரீச்சம்பழ டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "அத்திப்பட்டாண்ட வண்டிய வுட்டுட்டு ஆத்துல தூண்டில் போடப் போவாருபா. சுகர் எறங்குனா தலை சுத்தும்" என்றார்.

பாய் பாடி என்று நாங்கள் விட்டுவிட்டு வந்த உடலை, ஆளில்லாத முஸ்லிம்களை அடக்கம் செய்யும் தொண்டர்கள் வாங்கிப்போய்க் கபர்ஸ்தானில் புதைத்திருந்தார்கள். அடையாளத்துக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு பல்லை எடுத்து வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். சும்மா ஒரு சோதனை என்று சொல்லி அம்மாவின் ரத்தத்தை எடுத்து, பல்லோடு ஒத்துப்பார்க்க டி.என்.ஏ. சோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வருவதற்குள் நான் எத்தனை தடவை அது வேறு யாருடைய பல்லாகவோ இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பது மாதாவுக்குத்தான் தெரியும். அவனுடையதுதான்.

அம்மாவிடம் நானும் பாயும் சேர்ந்து சொன்னோம். ஆம்பளைச் சமாச்சாரம், அதை எப்படிச் சொல்வது என்று நான் திணறியபோது, "விருத்தசேதனம்னு சொல்லேன்டா, எனக்கு இன்னா தெரியாதா?" என்றார். முழுவதும் கேட்டார். அழவில்லை. சாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அப்ப கோயில்ல வந்து குந்தறாளே, அவ யாரு?" என்றார்.

யாருமில்லம்மா என்றேன். அவர் பாயைப் பார்த்தார், என்னைவிட அவர் நியாயமான பதில் சொல்வார் என்பது போல.

"யாருமில்லாதவளாண்டயா நான் இத்தினி நாளு தலையாட்டினேன்?" என்றார் அம்மா. அந்தக் குரல் இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை.

கபர்ஸ்தானுக்குப் போனோம். பெண்களை உள்ளே விட மாட்டார்கள், அம்மாவை அழைத்துப்போக முடியாது என்று பாய் சங்கடப்பட்டார். அம்மா மதில் ஓரம் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரிசை வரிசையாக மண்மேடுகள், தலைமாட்டில் ஒவ்வொரு கல். கபர்ஸ்தானைப் பார்த்துக்கொள்கிறவர் ஒன்றைக் காட்டினார். பக்கத்து மேடுகளில் புல் மண்டியிருந்தது. இதில் இன்னும் சரியாக முளைக்கவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் சத்தத்தில் மண் கொஞ்சம் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். கீழே யாரோ தட்டுவது போல உள்ளங்கையில் பட்டதும் வெடுக்கென்று எடுத்துவிட்டேன். சிலுவை போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். பாய் கையேந்தி ஓதி முடித்தார்.

குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, வரிசையாக நின்று தொழுதுதான் அடக்கம் செய்ததாகப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார். பெயர் தெரியாவிட்டாலும் அதில் குறை வைக்க மாட்டார்களாம். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அனுமதி வாங்கி நம் கல்லறைக்கு மாற்றலாம், சாமியாரும் சரி என்கிறார் என்றேன்.

"வோணாம். குளிப்பாட்டிப் படுக்க வெச்சிகீறாங்க. தூங்குற புள்ளய எழுப்பாதே" என்றார். பிறகு பாயின் பக்கம் திரும்பினார். "ஏன் பாய், அன்னிக்கி அவனுக்கு மாலை போட்டீங்களா?"

பாயின் கண் கலங்கிவிட்டது. "போட்டேம்மா. ஆபரேசன் முடிஞ்சி ரெண்டாம் நாளு, சும்மா கலாய்க்கலாம்னு பூக்கடைல ரோசா மாலை வாங்கிகினு போயி வார்டுலயே போட்டேன். நர்சம்மா எல்லாம் சிரிச்சாங்க."

"போட்டா பிடிச்சீங்களா?"

பாய் போனில் வெகு நேரம் தேடினார். எடுத்து அம்மாவிடம் நீட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் நீலக் கட்டம் போட்ட லுங்கியோடு, கழுத்தில் மாலையோடு, வெட்கமும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு விரலால் படத்தை மெதுவாகத் தள்ளினார்.

"பக்கத்துல எடம் வுட்டு குந்திகீறான் பாரு" என்றார்.

நானும் பார்த்தேன். கட்டிலின் ஓரமாக அவன் ஒதுங்கியிருந்தான். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்குப் போர்வை சுருக்கமில்லாமல் கிடந்தது. புண் வலியில் நேராக உட்கார முடியாமல் சாய்ந்திருக்கிறான் என்பது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இருவருமே அதைச் சொல்லவில்லை.